காரைக்காலுக்கு எந்தத் தீவின் வழி?

புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறும்போதெல்லாம் காரைக்கால் டீக்கடைகளில் ஒரே கேள்விதான்: "சரி, வந்தால் நமக்கு என்ன?" தீர்மானம் ஒன்றிரண்டு முறை இல்லை, பலமுறை நிறைவேறியாயிற்று. டெல்லி அசைந்தபாடில்லை. பதில் சொல்பவர்கள் நாலு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இப்போது இருப்பதுபோல் யூனியன் பிரதேசமாகவே இருந்துவிடலாம் என்பது ஒரு கட்சி. புதுச்சேரியோடு சேர்ந்து முழு மாநிலம் என்பது இரண்டாவது. புதுச்சேரியின் சகவாசமே வேண்டாம், காரைக்கால் தனி யூனியன் பிரதேசம் ஆகட்டும் என்று மூன்றாவது குரல் அவ்வப்போது கேட்கும். எதற்கு இந்த வம்பெல்லாம், சுற்றிலும் இருக்கிற தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டால் என்ன என்பது நாலாவது. இதைச் சத்தமாகச் சொல்பவர்கள் குறைவு. ஏன் என்பது பின்னால் வரும்.

இந்த நாலையும் எடைபோடத் தீவுகளைத் துணைக்கு அழைக்கிறேன். காரைக்காலுக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். தலைநகர் 130 கிலோமீட்டருக்கு மேல். மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்களைக் கடந்துதான் போக வேண்டும். 2011 கணக்குப்படி மக்கள்தொகை சுமார் 2 லட்சம். புதுச்சேரியின் 30 தொகுதிகளில் நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, தெற்கு, நிரவி-திருப்பட்டினம் என்று 5 தொகுதிகள் இங்கே. நிர்வாகக் கணக்கில் பார்த்தால் இது தீவுதான். தனி நாடாகாமல், ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் தீவுகள் உலகில் ஏராளம். இந்த நாலு வழியிலும் யாராவது ஒருவர் நடந்து பார்த்திருக்கிறார்கள். தனி நாடு என்ற எண்ணம் இங்கே யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதனால் அந்தப் பேச்சு இந்த ஒப்பீட்டுக்கு வெளியே.

இன்னொரு வசதியும் இருக்கிறது. நம் கடற்கரையிலேயே பாடப்புத்தகம் கிடக்கிறது. 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1658ல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரை விரட்டிவிட்டு நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1739ல் காரைக்கால் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. மற்றதையெல்லாம் ஆங்கிலேயர் வளைத்துப்போட்டார்கள். தரங்கம்பாடியில் ஏறி நாகையில் இறங்கும் ஒரே பஸ் பயணத்தில் மூன்று அரசுகளின் பழைய துறைமுகங்களைப் பார்த்துவிடலாம். இந்த நாலு நாடுகளிடமும் இன்றைக்கும் தீவுகள் இருக்கின்றன. ஆனால் தீவை வைத்துக்கொள்ளும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு.

டென்மார்க்கில் தொடங்கலாம். 1845ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது அது. 1917ல் கரீபியனில் இருந்த தன் தீவுகளை 2.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. இரண்டு முறையும் அங்கே குடியிருந்தவர்களின் சம்மதம் விற்பனைக்குத் தேவைப்படவில்லை. அதே அமெரிக்கா இப்போது கிரீன்லாந்தைக் கேட்கும்போது டென்மார்க் "அது எங்கள் கையில் இல்லை, கிரீன்லாந்து மக்களைக் கேளுங்கள்" என்கிறது. நல்ல மனது வந்துவிட்டதாலா? நடுவில் ஒரு சட்டம் வந்துவிட்டது, அதுதான் காரணம். 2009ன் சுயாட்சிச் சட்டம் கிரீன்லாந்தியரைச் சுயநிர்ணய உரிமை உள்ள மக்கள் என்று ஏற்கிறது. பிரிவதா இருப்பதா என்ற முடிவும் அவர்களுடையது என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது.

ஃபரோ தீவுகளின் கதை இன்னும் சுவாரசியம். 1946ல் மயிரிழைப் பெரும்பான்மையில் சுதந்திரத்துக்கு வாக்களித்தார்கள். டென்மார்க் மன்னர் அவர்களுடைய சட்டமன்றத்தையே கலைத்தார். 1948ல் சமரசமாக உள்ளாட்சி வந்தது. அதன் அருமை தெரிந்தது 1973ல். டென்மார்க் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபோது ஃபரோ தன் மீன்வளத்தைக் காப்பாற்றிக்கொள்ள வெளியிலேயே நின்றுகொண்டது. கிரீன்லாந்தும் வேண்டாம் என்றுதான் பெருவாரியாக வாக்களித்தது. ஆனால் அதற்கு அப்போது சுயாட்சி இல்லை, இழுத்துக்கொண்டு போனார்கள். 1979ல் சுயாட்சி கிடைத்து, 1982ல் மறுபடி வாக்கெடுத்து, 1985ல்தான் வெளியே வர முடிந்தது. ஒரே அரசி, ஒரே நாடாளுமன்றம், ஒரே மீன். ஒரு தீவிடம் சட்டம் இருந்தது, மற்றதிடம் இல்லை.

நிலத்தடி வளத்திலும் இதே கதைதான். 2009க்குப் பிறகு கிரீன்லாந்து தன் கனிமங்களைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2021ல் புதிய எண்ணெய் தேடலுக்கு அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டது. டெல்டாக்காரர்கள் இந்த வரியை இரண்டு முறை படிப்பார்கள். 2020ல் தமிழ்நாடு, டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு தேடலைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. அது தமிழ்நாட்டுச் சட்டம், வாஞ்சூரில் நின்றுவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் நாகை மாவட்டத்து வயல், இந்தப் பக்கம் திருப்பட்டினத்து வயல். இரண்டிலும் அதே மண், அதே சம்பா நடவு. பாதுகாப்பு மட்டும் ஒரு பக்கத்தில். எண்ணெய் எடுக்கும் ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகமோ நிரவியில், காரைக்காலுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, கிரீன்லாந்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? டென்மார்க்கிலிருந்துதான். ஆண்டு மானியம் 2009 விலையில் சுமார் 340 கோடி குரோனர். கனிமத்தில் வருமானம் வந்தால் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் பாதி அளவு அந்த மானியத்தில் கழியும். யாருக்கு எவ்வளவு என்று வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். புதுச்சேரிக்கு அந்த வசதியும் இல்லை. மாநிலம் இல்லை என்பதால், மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிதிக்குழுவின் பங்கீட்டில் வராது. மத்திய அரசு பார்த்துக் கொடுப்பதுதான்.

இணைப்பு என்ற வழிக்கு உதாரணம் பிரான்சு. 1946ல் ரீயூனியன், மார்த்தினீக், குவாதலூப் ஆகிய தீவுகளைக் குடியேற்றம் என்ற நிலையிலிருந்து தூக்கி நேரே பிரான்சின் மாவட்டங்களாக ஆக்கினார்கள். ரீயூனியன் நமக்கு அந்நியமில்லை. காரைக்கால் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே தீ மிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். சட்டப்படி ரீயூனியன்காரருக்கும் பாரிஸ்காரருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அதே குடியுரிமை, அதே யூரோ, அதிபர் தேர்தலில் அதே ஓட்டு. ஆனால் குறைந்தபட்சக் கூலி பிரான்சோடு சமமானது 1996ல்தான். அதாவது இணைந்து 50 ஆண்டு கழித்து. 2009ல் விலைவாசி தாங்காமல் குவாதலூப்பில் 44 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. பெரியதோடு முழுசாகக் கரைந்தால் உரிமைகள் எல்லாம் கிடைக்கும், உண்மை. வரிசையில் கடைசி இடமும் சேர்ந்து கிடைக்கும். கடைமடையில் பயிர் செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரான்சே தன் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் வேறு வழி போனது. 1998 ஒப்பந்தப்படி படிப்படியாக அதிகாரம், பிறகு மூன்று வாக்கெடுப்பு. 2018ல் சுமார் 57 சதவீதம் பேர் பிரான்சோடு இருக்கிறோம் என்றார்கள், 2020ல் 53 சதவீதம். 2021ல் பூர்வகுடிகளான கனாக் மக்கள் புறக்கணித்ததால் 96 சதவீதம்; அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 2024ல் வாக்காளர் பட்டியலைப் பாரிஸ் மாற்றப் போனபோது கலவரம் வெடித்து உயிர்கள் போயின. உள்ளூர்க்காரர் யார் என்பதைத் தூரத்துத் தலைநகர் முடிவு செய்யத் தொடங்கினால் ஒப்பந்தம் எத்தனை பக்கம் இருந்தும் பயனில்லை.

டச்சுத் தீவுகளைப் பார்த்தால் காரைக்கால்காரர்களுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். 1954 சாசனப்படி கரீபியனில் இருந்த ஆறு தீவுகள் ஒரே கூட்டாட்சியாக, நெதர்லாந்து அண்டிலிஸ் என்ற பெயரில் இருந்தன. தலைநகர் குராசோ தீவில். அரூபாவின் மனக்குறை நெதர்லாந்தின் மேல் இல்லை, குராசோவின் மேல். பதவி, பணம், அலுவலகம் எல்லாம் அங்கேயே குவிகிறது, நாம் கையெழுத்துக்குக் கூடக் கடல் கடக்க வேண்டியிருக்கிறது என்று பொருமினார்கள். இந்த இடத்தில் குராசோ என்பதற்குப் பதில் புதுச்சேரி என்று போட்டுப் படித்தால் காரைக்கால் பேருந்து நிலையத்துப் பேச்சுதான். 1986ல் அரூபா குராசோவிடமிருந்து விலகி, நெதர்லாந்து முடியாட்சிக்குள்ளேயே தனி நாடாக அமர்ந்தது. பத்து வருடத்தில் முழு சுதந்திரம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தேதி நெருங்கும் முன்பே அதைக் கைவிட்டுவிட்டார்கள். மூன்றாவது கட்சி காட்டும் முன்மாதிரி இதுதான், வெற்றிக் கதையும்தான்.

ஆனால் அதே கூட்டில் சின்ட் யூஸ்டேஷியஸ் என்று குட்டித் தீவு ஒன்று இருந்தது, சில ஆயிரம் பேர். 2005ல் கேட்டபோது, இருக்கும் கூட்டாட்சியிலேயே இருந்துவிடுகிறோம் என்றுதான் பெரும்பான்மையோர் சொன்னார்கள். மற்ற தீவுகள் எல்லாம் கலைக்கலாம் என்றன. 2010 அக்டோபர் 10ல் கூட்டாட்சி கலைந்தது. குராசோவும் சின்ட் மார்ட்டினும் அரூபாவைப் போலத் தனித்தனியாக அமர்ந்தன. யூஸ்டேஷியஸ், பொனேர், சாபா மூன்றும் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சிகள் ஆயின. 2018ல் நிர்வாகம் சீர்கெட்டுவிட்டது என்று சொல்லி நெதர்லாந்து அரசு யூஸ்டேஷியஸின் தீவு மன்றத்தைக் கலைத்து ஆணையரை உட்கார வைத்தது. அரூபா இன்று சுமார் ஒரு லட்சம் பேர், சுற்றுலா என்று கையில் காசோடு இருக்கிறது. யூஸ்டேஷியஸ் அப்படி இல்லை. தனியாகப் போக நினைப்பவர் தான் இதில் யார் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலேயர் பாணி அவசரத்துக்குத் தகுந்தாற்போல. ஜெர்சி, மான் தீவு போன்றவை முடியரசின் சொத்து, பிரிட்டனின் பகுதி அல்ல. வரி தங்களுடையது, லண்டன் நாடாளுமன்றத்தில் இடமே கிடையாது. கரீபியன் தீவான அங்குவிலா 1967ல், தன்னை ஆண்டுகொண்டிருந்த செயின்ட் கிட்ஸ் தீவின் போலீஸை விரட்டிவிட்டு, செயின்ட் கிட்ஸோடு இருக்க மாட்டோம், பிரிட்டனோடு இருக்கிறோம் என்றது. சட்டப்படி 1980ல் அது நடந்தது. இன்னொரு பக்கம் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில் ஊழல் விசாரணைக்குப் பிறகு 2009ல் சட்டமன்றத்தையே முடக்கி ஆளுநர் ஆட்சி. தேர்தல் வர 2012 ஆயிற்று. பசிபிக்கில் ஆஸ்திரேலியாவும் இதே வேலையைச் செய்தது. 1979ல் நார்ஃபோக் தீவுக்குக் கொடுத்த சட்டமன்றத்தை 2015ல் தன் நாடாளுமன்றச் சட்டத்தாலேயே இல்லாமல் செய்தது. தீவுக்காரர்கள் எதிர்த்து வாக்களித்தும் பலனில்லை.

இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், மாவட்டமா, நாடா, பிரதேசமா என்ற பெயர்ப்பலகையில் பெரிய விஷயம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் நினைத்தால் அந்த ஏற்பாட்டை மாற்ற முடியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குத்தகைக்கு உழுபவரும் பட்டா வைத்திருப்பவரும் ஒரே மாதிரிதான் நாற்று நடுவார்கள். வித்தியாசம் நில உரிமையாளருக்குக் கோபம் வரும் நாளில் தெரியும்.

பட்டா உள்ள தீவு என்றால் ஓலாந்துதான். பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவே இருக்கிறது. சுமார் 30,000 பேர், பேசுவது சுவீடிஷ், நாடு பின்லாந்து. 1921ல் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் பின்லாந்துக்குக் கொடுத்தபோதே மொழிக்கும் நிலத்துக்கும் உத்தரவாதம் வாங்கிவிட்டார்கள். ஊர் உரிமை இல்லாத வெளியாள் அங்கே நிலம் வாங்க முடியாது. சட்டமன்றத்தில் 30 உறுப்பினர்கள், புதுச்சேரியில் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் எத்தனையோ அத்தனை. ஆனால் ஒற்றுமை அதோடு முடிந்தது. ஓலாந்தின் சுயாட்சிச் சட்டத்தில் ஒரு வரி மாற்ற வேண்டுமானாலும் பின்லாந்து நாடாளுமன்றம் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு உரிய முறையில் நிறைவேற்ற வேண்டும், ஓலாந்து சட்டமன்றமும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு சம்மதிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோதும் தங்களை மறைமுக வரி எல்லைக்கு வெளியே வைத்துக்கொண்டார்கள். அதனால் சுவீடன்-பின்லாந்து கப்பல்கள் ஓலாந்தில் ஒரு நிமிடம் தொட்டுவிட்டுப் போகின்றன, வரியில்லாத சரக்கு விற்பதற்காகவே. நாகூர் தாண்டி வாஞ்சூர் எல்லையில் வரிசையாக மதுக்கடைகள் ஏன் நிற்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கப்பல் ஏன் நிற்கிறது என்பதும் தெரியும். எல்லைக் கோட்டால் வரும் வரி வித்தியாசமும் ஒரு ஊரின் பிழைப்புதான். அதைக் கேவலமாகப் பேசிக்கொண்டே அதில் வரும் வருமானத்தில் சம்பளம் கொடுக்கும் வழக்கம் ஓலாந்திலும் உண்டோ என்னவோ, இங்கே உண்டு.

நியூசிலாந்தோடு சேர்ந்திருக்கும் குக் தீவுகள் போன்ற சுதந்திரக் கூட்டு முறையை விட்டுவிடுகிறேன். நம் அரசியல் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

இனி நம் நாலு கட்சிக்கு வருவோம். இப்போதைய நிலையில் நம்மிடம் பட்டா இருக்கிறதா? பாதி இருக்கிறது. பிரான்சும் இந்தியாவும் 1956ல் கையெழுத்திட்டு 1962ல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு ஒப்பந்தத்தின் 2-ஆம் பிரிவு, இந்தப் பகுதிகளின் அந்தஸ்தில் மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்கிறது. 1979 ஜனவரியில், பிரதமர் மொரார்ஜி தேசாய் தமிழ்நாட்டோடு இணைப்பது பற்றிப் பேசியபோது புதுச்சேரி கொந்தளித்தது. நாலாவது கட்சி சத்தமாகப் பேசாததன் காரணம் அந்த ஜனவரிதான். மறுபாதி இல்லை. சர்வதேச ஒப்பந்தம் தானாக உள்நாட்டுச் சட்டம் ஆகிவிடாது. அரசியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி எல்லையை மாற்றும் முன் சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் அதன் விளக்கக் குறிப்பு, இந்த இடத்தில் மாநிலம் என்றால் யூனியன் பிரதேசம் சேராது என்கிறது. காரைக்காலைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நினைத்தால் சென்னையின் கருத்தைக் கேட்டாக வேண்டும், புதுச்சேரியைக் கேட்க வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. 2017ல் புதுச்சேரி அரசைக் கேட்காமலே மத்திய அரசு மூன்று நியமன எம்.எல்.ஏ.க்களை அனுப்பியது, 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அந்தஸ்தின் பலம் அவ்வளவுதான்.

இணைப்பில் நல்லது இல்லாமல் இல்லை. பள்ளிப் பாடத்திட்டம், பஸ், ரேஷன், சிகிச்சை எல்லாம் அக்கம்பக்கத்தோடு ஒரே சீராகும். ஆனால் ஒன்றை இழப்போம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரியைப் பங்கிட்டபோது தமிழ்நாட்டுக்கு 404.25 டிஎம்சி, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. அந்த 7 டிஎம்சி காரைக்காலுக்கானது. காவிரி மேலாண்மை ஆணையத்தில் புதுச்சேரிக்குத் தனி இடம் இருக்கிறது. அரசலாறும் நாட்டாறும் வஞ்சியாறும் தமிழ்நாட்டு மதகுகளைத் தாண்டித்தான் இங்கே வருகின்றன, வராத வருடம் கேட்க ஒரு நாற்காலி இருக்கிறது. இணைந்தால் நாற்காலி போய்விடும், 404ல் கரைந்துபோன 7க்கு யார் கணக்குக் கேட்பது? நாலாவது வழியை நான் ஒதுக்குவது இதனால்தான், பெருமைக்காக அல்ல.

மூன்றாவது வழி, தனி யூனியன் பிரதேசம். அரூபா ஆசை காட்டும், ஆனால் நாம் யூஸ்டேஷியஸ் பக்கம். இந்தியாவில் சின்ன யூனியன் பிரதேசங்களுக்குச் சட்டமன்றம் கிடைத்ததாகச் சமீப காலத்தில் உதாரணமே இல்லை. லட்சத்தீவுக்கு இல்லை, சண்டிகருக்கு இல்லை. தாத்ரா-நகர் ஹவேலியையும் டாமன்-டையூவையும் 2020ல் ஒன்றாக்கினார்கள், சட்டமன்றம் இல்லாமலே. 2019ல் ஜம்மு-காஷ்மீரிலிருந்து லடாக் பிரிந்ததை அதன் லே நகரம் கொண்டாடியது. இப்போது அங்கேயே மாநில அந்தஸ்தும், பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் ஆறாவது அட்டவணையும் கேட்டுப் போராடுகிறார்கள். புதுச்சேரியின் மேல் உள்ள எரிச்சலில் 5 எம்.எல்.ஏ.க்களையும் விட்டுக்கொடுத்து ஓர் அதிகாரியின் கையெழுத்துக்குப் போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிச்சம் இரண்டு: இருப்பது, அல்லது மாநிலம். மாநிலமானால் 3-ஆம் பிரிவின் பாதுகாப்பு வரும், நிதிக்குழுப் பங்கு வரும், துணைநிலை ஆளுநரோடு மல்லுக்கு நிற்பது குறையும். அத்தனையும் புதுச்சேரி நகருக்கு வரும். காரைக்காலுக்கு வருமா என்பது குராசோ-அரூபா கேள்வி. அதற்கு நம் அரசியல் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 371-ஏ பிரிவின்படி நாகாலாந்தில் நிலம், வழக்காறு சம்பந்தமான மத்தியச் சட்டம் அந்தச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். ஓலாந்துக்குக் கிட்டே வருவது இதுதான். ஒரு மாநிலத்துக்குள்ளேயே பின்தங்கிய பகுதிக்கு வாரியம், வேலை, கல்லூரி இடம் என்று உத்தரவாதம் தருவது 371-ஜே. கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களுக்காக 98-ஆம் திருத்தத்தில் வந்தது. காரைக்கால் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது வகை.

என் தேர்வு மாநிலம்தான், ஆனால் காரைக்காலுக்கான பிரிவு அதே மசோதாவில் இருந்தால் மட்டும். மாநிலம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வேண்டாம். அதைவிட இப்போதைய நிலையே மேல், ஒப்படைப்பு ஒப்பந்தத்தின் 2-ஆம் பிரிவாவது பேச்சுக்கு இருக்கிறது. மசோதாவின் காரைக்கால் பிரிவில் மூன்று விஷயம் போதும். ஐந்து தொகுதி உறுப்பினர்களும் உள்ள காரைக்கால் வளர்ச்சி வாரியம், அதற்கு வருவாயில் நிலையான பங்கு. இங்குள்ள விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற வாரியத்தின் சம்மதம். அப்புறம், காவிரி ஆணையக் கூட்டத்துக்குப் புதுச்சேரி அனுப்பும் உறுப்பினர் காரைக்காலின் பாசனப் பொறுப்பில் இருக்கும் பொறியாளராக இருக்க வேண்டும். அரசலாற்றில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று யாரையும் போனில் கேட்காமல் சொல்லத் தெரிந்தவர்.